நடக்கத்தான் வந்தேன்

கோடை ஓட்ட ரேஸ்கள் தொடங்கிவிட்டன. பிப்பை (போட்டி எண் அட்டையை) சட்டையில் குத்த நான்கு ஊக்குகள், வெளிறிப்போன தொப்பி, குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்த ஷூ எல்லாம் கதவருகே தயாராக இருக்கின்றன. இந்த வருடமும் 5 கிலோமீட்டரோ 10 கிலோமீட்டரோ, பெயர் கொடுத்த அத்தனை போட்டியிலும் நடக்கத்தான் போகிறேன்.

"நடக்கறதுக்கு எதுக்குங்க போட்டி? தினம் காலையில நடந்தா பத்தாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. பத்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் நடைக்குப் பவர் வாக்கிங் என்று பெயர். அதில் முக்கியமான சட்டம் ஒன்றுதான்: இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்கையை மடக்கி, கையை இடுப்போரமாக வீசி, நிமிர்ந்து, நிமிடத்துக்கு 130, 140 அடி என்று விறுவிறுவென எட்டு வைக்க வேண்டும். ஒலிம்பிக்கில் பார்க்கிற ரேஸ் வாக்கிங் இதற்கு அக்கா முறை. அங்கே கூடுதலாக இன்னொரு சட்டம் உண்டு. முன்னால் வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. தனிப் போட்டியாக அது ஆண்களுக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. பெண்கள் 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று உச்சத்தில் இருக்கிற ஆண்கள் 20 கிலோமீட்டரை 1 மணி 20 நிமிடத்துக்குள் நடந்து முடிக்கிறார்கள். கிலோமீட்டருக்கு 4 நிமிடம்கூட ஆவதில்லை. தினமும் ஓடுகிற பலருக்கே எட்டாத வேகம் அது. நடையை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

என் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் பக்கம். விஷயமே இந்த எண்ணில்தான் இருக்கிறது. நடையை வேகப்படுத்திக்கொண்டே போனால், ஏறத்தாழ இந்த இடத்தில் மனித உடம்பு தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற முன்னங்கால் தசை அப்போது திணற ஆரம்பிக்கும். நாலடி ஓடினால் போதும், அதற்கு உடனே நிம்மதி. இந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் நடப்பதைவிட ஓடுவதற்குத்தான் சக்தி குறைவாகச் செலவாகும். ஆக, ஓட முடியாதவர்கள்தான் நடக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு கிலோமீட்டர் என் பக்கத்தில் வந்து பார்க்கட்டும். கால் "ஓடு, ஓடு" என்று கெஞ்சும்போது ஓடாமல் பிடித்து வைக்க வேண்டும். எனக்கு அதுதான் விளையாட்டு. தனியாக நடக்கும்போது அந்தப் பிடி இளகிவிடுகிறது. பிப்பைக் குத்திக்கொண்டு கூட்டத்தோடு நின்றால் இளகுவதில்லை.

நான் எப்போதும் கடைசி வரிசைகளில்தான் நிற்பேன். ஓட வந்தவர்களின் வழியை அடைக்காமல் இருப்பது முதல் மரியாதை. நேரத்தைப் பற்றிய கவலையும் இல்லை. நேரத்தைக் கணக்கிடும் சிப் கட்டியிருந்தால் கோட்டைத் தாண்டும்போதுதான் நம் கணக்கு ஆரம்பிக்கும். துப்பாக்கி சத்தம் கேட்டதும் எல்லோரும் பாய்வார்கள். முதல் முந்நூறு மீட்டரில் முக்கால்வாசிக் கூட்டம் கண்ணை விட்டு மறைந்துவிடும். அந்த நேரத்தில் மனதைக் கட்டிப்போட வேண்டும். அப்புறம் ஒரு அமைதி வரும் பாருங்கள். விடியற்காலை, இன்னும் சூடேறாத சாலை, சரக் சரக் என்று நம் காலடி, பக்கத்தில் நடக்கிற இன்னொருவரின் மூச்சு. ஊரே தூங்கும்போது நடுச்சாலை முழுக்க நமக்கு. இதற்காகவே நான் நாலரை மணிக்கு எழுந்திருப்பேன்.

மூன்றாவது, நான்காவது கிலோமீட்டரில் வெயில் ஏறும். அதுவரை பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராக இடுப்பில் கை வைத்து நடக்க ஆரம்பிப்பார்கள். கோடைப் போட்டியில் இது தவறாமல் நடக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழிந்தோடுமே தவிர சரியாக ஆவியாகாது. குளிர்ந்த நாளின் வேகத்தை மனதில் வைத்துக் கிளம்பியவர்களை அது பாதி வழியில் நிறுத்திவிடும். நாம் மட்டும் முதல் கிலோமீட்டரில் வைத்த அதே எட்டை வைத்துக்கொண்டு போவோம். ஒரு சிவப்புச் சட்டை, ஒரு நீலத் தொப்பி, ஒரு அப்பாவும் மகளும் என்று வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். போன வருடம் 10 கிலோமீட்டரில் ஒரு இளைஞரை நான் ஐந்து முறை கடந்தேன், அவர் என்னை நான்கு முறை கடந்தார். ஓடுவார், நிற்பார், நான் போய்விடுவேன், திரும்ப ஓடி வருவார். மூன்றாவது தடவையிலிருந்து இருவருக்கும் சிரிப்பு. கடைசியில், "அக்கா, உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான் முடிச்சேன்" என்று கை கொடுத்தார். என் நேரம் 1 மணி 28 நிமிடம். அந்தக் கைகுலுக்கல் பதக்கத்தைவிட நன்றாக நினைவில் இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகம் வேண்டும் என்று எட்டை முன்னால் நீட்டாதீர்கள். நீட்டினால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடும், முன்னங்கால் கடுக்கும். எட்டு சின்னதாக இருக்கட்டும், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கையை வேகமாக வீசினால் கால் தானாகப் பின்தொடரும்.

அப்புறம் தண்ணீர். கோடை என்றதும் மேசைக்கு மேசை நின்று இரண்டு கோப்பை குடிக்கத் தோன்றும். நீண்ட தூரம் நடப்பவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்தின் உப்புச் சத்து, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் அதிகம் குடித்து ஓட்டத்திலேயே எடை கூடியவர்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நாம் சாலையில் இருக்கிற நேரமும் அதிகம், குடிக்கக் கிடைக்கிற வாய்ப்பும் அதிகம். அதனால் தாகத்துக்குக் குடிப்பேன். மிச்சத்தைப் பிடரியில் ஊற்றிக்கொள்வேன். அந்தச் சில்லென்ற கோடு முதுகில் இறங்கும்போது இருக்கிற சுகம் கோடை ரேஸில் மட்டும்தான் கிடைக்கும். வெயிலுக்கு உடம்பைப் பழக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். போட்டியன்று போய்ப் பழக முடியாது.

சரி, என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் கட்-ஆஃபுக்கு, அதாவது முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு, இன்னும் இருபது நிமிடம் பாக்கி. நான் போய்ச் சேர்ந்தபோது எட்டாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் நசுங்கிய கோப்பைகள், ஒரு துளி தண்ணீர் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்த நேரம். முதலில் வந்தவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் நானும் கட்டியிருந்தேன். இன்னொரு போட்டியில் நடைப் பிரிவு என்று அறிவித்தார்கள். ஆனால் கண்காணிக்க ஒரு ஆள்கூட இல்லை. பாதி தூரம் ஓடியவர் பரிசு வாங்கினார். கடைசிவரை நேர்மையாக நடந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் நின்று கைதட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

கோடைப் போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நடப்பவர்களை அரை மணி நேரம் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள். வெயிலிலும் தப்பிப்போம், முடிக்கிற இடத்தில் கூட்டத்தோடும் சேர்ந்துகொள்வோம். எங்களுக்கு வேறு நிறத்தில் பிப் கொடுங்கள், வழியில் இரண்டு மூன்று பேரை நிறுத்துங்கள், ஓடினால் தெரிந்துவிடும். கடைசி ஆள் போகும்வரை தண்ணீர் இருக்கட்டும். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு ஆரம்பித்து இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன் என்ற இலவச 5 கிலோமீட்டர் பூங்கா ஓட்டத்தில், எல்லோருக்கும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். அவருக்கு முன்னால் வருகிற யாரும் கடைசி ஆள் கிடையாது.

போன மாதப் போட்டியின் கடைசி இருநூறு மீட்டர். கடிகாரத்தில் 1:28:20. ஓடினால் 1:30-க்குள் தாராளமாக முடித்துவிடலாம், நடந்தால் இழுபறி. "ஓடுங்க அக்கா, ஓடுங்க!" என்று ஓரத்தில் நின்றவர்கள் கத்துகிறார்கள், அன்போடுதான். முன்னங்கால் எரிகிறது, உப்பு கண்ணில் இறங்குகிறது. கையை இன்னும் வேகமாக வீசினேன். குதிகால், விரல், குதிகால், விரல். முடிவுக்கோட்டில் விரித்திருந்த சிப் பாயில் வலது காலை வைத்து "பீப்" சத்தம் கேட்டபோது இடது கால் விரல் நுனி இன்னும் தரையில்தான் இருந்தது. கடிகாரத்தில் 1:30:04.