குளிர்த்தி இல்லாத கண்ணகி

போன கிழமை தம்பி ஒருவன் தான் எழுதிய கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, வாசிச்சிட்டுச் சொல்லுங்க" என்றான். நம்ம ஊர் ஃபேன்டசி. நள்ளிரவில் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் ஒரு பெண் நிற்கிறாள், கண்ணில் நெருப்பு. கண்ணகிதான். காணி பிடிக்க வந்த கும்பலை எரித்துவிட்டு வானத்தில் பறந்து போகிறாள். முற்றும்.

எழுத்து நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணகியை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கிரேக்கத் தெய்வங்களை அமெரிக்க நகரங்களில் குடிவைக்கிற கதைகளை நானும் விழுந்து விழுந்து வாசிப்பவள்தான். அங்கே அவர்களுக்கு மடை வைக்க, படையல் போட ஒரு ஊர் இல்லை. எழுதுகிறவர் நகரத்துக்குள் ஒளித்து வைக்கலாம், இஷ்டத்துக்கு ஆட்டலாம். இங்கே யாரிடம் ஒளிப்பது? பாண்டிருப்பு திரௌபதை அம்மன் திருவிழா 18 நாள். பாண்டவர் வனவாசம் போகிற அன்று ஒருமுறை கல்முனை பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பக்கத்து சீட் அம்மா போனில், "கொஞ்சம் சுணங்கும், பாண்டவர் போறாங்க" என்றார், ரயில் கேட் போட்டிருக்கு என்பது மாதிரி.

ஃபேன்டசியில் எனக்குப் பிடித்ததே சட்டதிட்டம்தான். சக்தி எப்போது வரும், அதற்கு என்ன விலை, திறப்பு யார் கையில். நம்மிடம் எல்லாம் தயாராகக் கிடக்கிறது. மட்டக்களப்பில் பல கண்ணகி கோயில்களின் கதவு வருசத்தில் ஒருதரம், வைகாசியில்தான் திறக்கும். அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடுவார்கள், பூரணையை ஒட்டி அவளைக் குளிர்விக்கிற சடங்கு, குளிர்த்தி. மதுரையை எரித்த சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை, தணிக்காவிட்டால் மழை பொய்க்கும், அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வரும் என்பது நம்பிக்கை. கொம்புமுறியும் அதற்குத்தான். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, இரண்டு வளைந்த மரக் கொம்பைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும். (புருசனும் பெண்சாதியும் எதிர்ச்சேரி என்றால் அன்றைக்குச் சோறு கிடைப்பது சந்தேகம் என்பார் அம்மம்மா.)

தம்பியின் கதை எரிப்பதோடு முடிகிறது. எரித்த பிறகு அவள் வந்து இறங்கிய ஊர் நம்முடையது, அவளைக் குளிர்விக்கிற வேலையும் நம் தலையில். அவள் வைகாசிக்கு முதலே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பூசை செய்கிற கப்புகனார் தன் மகளைப் பார்க்கக் கனடா போயிருக்கிறார். வழக்குரை முழுதாகப் பாடத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. வாவியில் துடுப்பை விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது மட்டும் கேட்கிறது. அது குளிர்த்திக்கு ஈடாகுமா? இப்போது எனக்குப் பயம் பிடிக்கிறது.

தெய்வத்தைக் கதையாக்கலாமா என்று சிலர் வருவார்கள். தெய்வங்களே வேடம் கட்டி வரும் வடமோடிக் கூத்தை விடிய விடியப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

இதையெல்லாம் ஏழு நிமிடக் குரல் பதிவாக அனுப்பினேன். "அக்கா, கப்புகனார் வீடியோ கோல்ல பாடினா எடுபடுமா?" என்று கேட்டான்.

"மறுகா வேப்பிலையை ஆர் பிடிக்கிற?" என்றேன். நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது.