விட்ட மீனெல்லாம் பிழைத்த மீனல்ல

குமரி மாவட்டத்தின் மணக்குடிக் காயலிலும், ஆறு கடலோடு சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களில் பலர், கொடுவா மீனை (ஆங்கிலத்தில் சீபாஸ்) பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால், மீன் நீந்திப் போய்விட்டது என்பதாலேயே அது பிழைத்துவிட்டது என்று ஆகாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அது ஆழத்தில் செத்துக் கிடப்பதைக் படம் எடுத்தவர் பார்க்கப் போவதில்லை.

தூண்டிலில் மாட்டிப் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதிலிருந்து மீள அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். உப்பு கலந்த காயல் நீரில் இன்னும் குறைவு. ஆகவே சித்திரை வெயிலில், நண்பகலில், மெல்லிய தூண்டில் நரம்பை (நைலான் இழையை) கட்டிக்கொண்டு மீனை நெடுநேரம் இழுத்து விளையாடுவது, பிறகு விடப்போகிறவர் செய்யும் காரியமல்ல.

கரைக்கு வந்த பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கொடுவாவின் செவுள் மூடி சவரக்கத்தி போல விரலை அறுத்துவிடும் என்பதால் வாயைக் கவ்வியால் பிடிக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் நாலைந்து கிலோ மீனைத் தாடையில் மட்டும் செங்குத்தாகத் தொங்கவிட்டால், இதுவரை தண்ணீர் தாங்கிய எடை முழுவதும் தாடையிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. இன்னொரு கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கிடைமட்டமாகத் தாங்க வேண்டும். உலர்ந்த துணியோ சுடுமணலோ பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து, அந்த இடத்தில் கிருமி தொற்றும். படம் எடுப்பவர் தயாரான பிறகே மீனைத் தூக்குங்கள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும் நேரத்துக்குமேல் அதை வெளியே வைத்திருக்க நமக்கு என்ன உரிமை?

கொக்கி நுனியிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், கழற்றும் வேலை நொடியில் முடியும். கொக்கியைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் தோண்டாமல் தூண்டில் நரம்பை ஒட்ட நறுக்குவதே மேல். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கினால் வாய் வழியாக நீர் புகுந்து செவுளில் பாயும். பின்னோக்கி இழுத்து ஆட்டக் கூடாது.

அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட் 1972-லேயே பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் முறையைப் புகுத்தினார். பெயரில் பாஸ் இருந்தாலும் அங்குள்ளது வேறு இனம். நம் கொடுவாவுக்கோ தனிக் காரணம் உண்டு: அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. படத்துக்காக நாம் தேடும் பெரிய மீன்கள் பெரும்பாலும் பல லட்சம் முட்டையிடும் தாய்கள்.

செவுள் கிழிந்து இரத்தம் கொட்டும் மீனை விடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வலை போடுகிற மீனவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்; சிரிப்பதில் நியாயமும் உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்துவிடலாம்.