நெய்ஸ்மித்தை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக கூடைப்பந்து அணியைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. 1952, 1988, 2008, 2022 என்று அது வென்ற நான்கு தேசியக் கல்லூரிக் கோப்பைகளையும் விரிவாகச் சொன்னீர்கள், ஆனால் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் மனசுக்கு ஆறவில்லை. 1891-ல் இந்த விளையாட்டையே கண்டுபிடித்தவர் அவர். 1898-ல் கான்சாஸுக்கு வந்து அணியைத் தொடங்கி 55 வெற்றி, 60 தோல்வி என்று முடித்தார். அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அதனால் என்ன? அவரிடம் ஆடிய பாக் ஆலன் பிறகு பயிற்சியாளராகி, அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் இருவரையும் உருவாக்கினார், அவர்கள் போய் கென்டக்கி, வடக்கு கரோலினா பல்கலைக்கழக அணிகளைப் பெரிய அணிகளாக வளர்த்தார்கள். 2022 இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்தும் கான்சாஸ் 72-69 என்று ஜெயித்தது அதே வடக்கு கரோலினாவைத்தான்! 1957-ல் நட்சத்திர வீரர் வில்ட் சேம்பர்லின் அணியில் இருந்தும், மூன்று கூடுதல் நேரம் ஆடி, ஒரே ஒரு புள்ளியில் கான்சாஸ் கோப்பையைப் பறிகொடுத்ததும் வடக்கு கரோலினாவிடம்தான். அந்தத் தோல்வியையும் அவசியம் எழுதியிருக்க வேண்டும்.