இனி யாருக்கும் புத்தி சொல்வதாக இல்லை

நேற்று பெரியம்மா மகன் போன் செய்தார். மாதம் 10 சதவீதம் வட்டி தருகிறோம் என்று பணம் வாங்கிய கம்பெனி பூட்டிக் கிடக்கிறதாம். அண்ணியின் நகையை அடகு வைத்துப் போட்ட 6 லட்சமும் மாட்டிக்கொண்டது. சொல்லிவிட்டு அவர் கேட்டார் பாருங்கள், "நீயாவது அன்னிக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

எனக்குக் கொதித்துவிட்டது. நான் சொல்லவில்லையா? போன தீபாவளிக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து தொண்டை வற்றச் சொன்னேனே! பேங்கில் வருஷத்துக்கு 7 சதவீதம் கிடைத்தாலே பெரிய விஷயம், மாதத்துக்கு 10 கொடுக்கிற அளவுக்கு எந்தத் தொழிலில் லாபம் வருகிறது என்று கேட்டேன். முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் வரும் அண்ணா, நமக்குப் பின்னால் சேர்ந்தவன் பணத்தை எடுத்து நமக்குக் கொடுப்பான், புது ஆள் வருவது நின்றால் வட்டியும் நின்றுவிடும் என்றேன். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள் கதையைச் சொன்னேன். பேங்க் மூழ்கினாலாவது 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இவன் கொடுத்த பத்திரத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க நல்லா வர்றது உனக்குப் பொறுக்கலை" என்றார். அதுவும் பெரியம்மா முன்னால்! காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன், அப்புறம் நாலு மாதம் பேச்சே இல்லை.

என் மீதும் கோபம்தான். "நீ என்ன நினைக்கிறே?" என்று அவர் கேட்டபோதே பணம் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது, வட்டியில் வாங்கிய புது டிவி எதிரே ஓடிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த மனுஷனுக்கு என் கணக்கு எதற்கு? "நல்ல காரியம் அண்ணா" என்று ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதுகூடப் புரியாமல் பேசிக்கொண்டே இருந்தேன். அண்ணி சமையலறை நிலைப்படியில் நின்று முழுசையும் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. நகை அவருடையது. கேட்கிற காது அங்கே இருந்திருக்கிறது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று கம்பெனியும் இல்லை, அடகுக் கடைக்கு மட்டும் மாதா மாதம் வட்டி ஏறுகிறது.

முதலீட்டாளர்களின் பணத்தைக் காக்கவென்றே 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ரசீதுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை கூடவே போகிறேன். வழியில் அண்ணன் வேறு ஏதாவது திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயைத் திறக்க மாட்டேன். அண்ணி கேட்டால் மட்டும் சொல்வேன்.