கூத்துக்கு இருபது நிமிடம், பொன்னாடைக்கு மூன்று மணி நேரம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் சனிக்கிழமைதோறும் எங்காவது ஒரு மேடை போட்டுவிடுகிறார்கள். கலை விழா, பண்பாட்டு விழா, கோடை விழா என்று பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சுவரொட்டியில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையுமாகக் கர்ணன் நிற்கிறான். ‘மாலை 6 மணிக்கு மாபெரும் தெருக்கூத்து’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பிப் பாயும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து உட்காருகிற சனங்களை இந்த விழாக்குழுக்கள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. எனக்கு வயிறு எரிகிறது. இந்தச் சித்திரையிலும் எரிந்தது, போன சித்திரையிலும் எரிந்தது.

ஆறு மணிக்கு மேடையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்கு ஒலிபெருக்கியைச் சோதிப்பார்கள். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார் என்ற அறிவிப்பு ஏழரை வரை வந்துகொண்டே இருக்கும். அவர் வந்ததும் வாணவேடிக்கை, வரவேற்புரை, முன்னிலை வகிப்பவர்களின் பெயர்ப் பட்டியல், குத்துவிளக்கு. பிறகு தொடங்கும் பொன்னாடை. மேடையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒருவர் போர்த்த வேண்டும், போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் புகைப்படக்காரருக்காக நின்று திரும்ப வேண்டும். விடுபட்ட பெயர் ஒன்றை யாரோ காதில் ஓதுவார்கள். அதற்கும் ஒரு பொன்னாடை. அதன்பின் வாழ்த்துரை. ‘நான் அதிகம் பேச விரும்பவில்லை’ என்று ஆரம்பிக்கிற ஒருவர்கூட இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை. நம் மண்ணின் கலை அழிகிறது, நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் கலங்கிப் பேசுகிறார்கள். அந்தக் கலையைத் தெரிந்தவர்கள் மேடைக்குப் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்து, முகத்தில் அரிதாரத்தோடு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள்.

அந்தப் பின்பக்கத்தை இவர்களில் ஒருவராவது போய்ப் பார்த்திருக்கிறார்களா? மர அணிகளைப் பூட்டுகிற கட்டை வேஷம் கட்டுவது அரை மணி நேரத்து வேலை இல்லை. கையில் சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தானே தன் முகத்தில் முதலில் நிறம் பூசி, பிறகு புருவம், மீசை, கன்னத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடம், மார்ப்பதக்கம், புஜக்கட்டை எல்லாவற்றையும் கயிறு போட்டு உடம்போடு இறுக்கிக் கட்ட வேண்டும். காலில் சலங்கை. கட்டி முடித்த பிறகு சாயவும் முடியாது, படுக்கவும் முடியாது. சித்திரைப் புழுக்கத்தில் அந்தக் கட்டுக்குள் வியர்வை ஒழுக ஒழுக, முன்னால் ஒருவர் கலையின் பெருமையைப் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவர் கூத்துக் குழுவை நடத்துகிற, அறுபது வயதைத் தாண்டிய வாத்தியார். அவருக்குத் தேநீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. மேடைக்கு முன்னால் முதல் வரிசைக்குக் குளிர்பானம் தட்டில் போகிறது.

கடைசியில் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, கூப்பிடும்போது மணி ஒன்பதரையைத் தாண்டிவிடுகிறது. ‘நேரமின்மை கருதி கலைஞர்கள் சுருக்கமாக நிகழ்த்தும்படி கேட்டுக்கொள்கிறோம்’ என்று தொகுப்பாளர் சொல்கிறார். நேரத்தைத் தின்றது யார்? கலைஞர்களா?

களரி கட்டுகிறார்கள், அதாவது வாத்தியங்களை முழக்கிக் கூத்தைத் தொடங்குகிறார்கள். மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணை என்ற சிறு ஊதுகுழலும் சேர்ந்து எழும்போதே கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து நாலு வார்த்தை பேசுகிறான். இரண்டு பேர் திரையைப் பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணனின் குரல் வருகிறது, சலங்கை ஒலிக்கிறது, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. அந்தத் திரை விலகுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்தால்தான் அது கூத்து. எங்களுக்கோ ஒரு பாட்டு, ஒரு சுற்று, அதற்குள் மேடையோரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார் ஒருவர்.

இந்தச் சித்திரையில் நான் போன விழாவில் அறிவித்திருந்தது கர்ண மோட்சம். அதன் உயிரே கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பிரிகிற இடம்தான். பிறப்பு தெரியாதவன் என்று கணவனை இத்தனை காலம் இழித்துப் பேசியவள், அவன் யார் என்று தெரிந்த இரவிலேயே அவனைப் போருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்களில் கருமாதி வீடுகளில் விடிய விடிய இந்தக் கூத்தை வைப்பார்கள். அந்த இடத்தில் அழாத பெண்ணை நான் கண்டதில்லை. பெண் வேஷம் கட்டிய இளைஞர் பொன்னுருவியாக வந்து நின்று முதல் விருத்தத்தை எடுத்தார். பாதியில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். மணி பத்து. காவலர் வந்து நின்றுவிட்டார். கர்ணன் போர்க்களத்துக்கே போகவில்லை. நன்றியுரைக்கு மட்டும் ஒலிபெருக்கி மறுபடி இரண்டு நிமிடம் உயிர்பெற்றது. அந்த இரண்டு நிமிடத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

காவலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. உச்ச நீதிமன்றமும் 2005இல் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நோயாளியும் பச்சைக் குழந்தையும் தூங்க வேண்டும், சரி. பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம் என்று அதே விதியில் வழியும் இருக்கிறது. ஊருக்கு ஊர் கூத்து நடக்கிற இந்த மாதங்களில் அந்த 15 நாட்களைக் கொடுங்கள் என்று கேட்டு ஒரு மனுவாவது எழுதுங்கள் என்றால், விழாக்குழுவில் யாருக்கும் அக்கறை இல்லை. அது கிடைக்காமலே போகட்டும். ஆறிலிருந்து பத்து வரை முழுதாக நான்கு மணி நேரம் சட்டமே கொடுத்திருக்கிறதே! அதில் மூன்றரை மணி நேரத்தை விழுங்கிவிட்டு, சட்டத்தைக் காட்டிக் கூத்தின் கழுத்தை நெரிப்பது என்ன நியாயம்?

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவைப் பாருங்கள். பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் மாவட்டத்தில் நாள்கணக்கில் நடக்கிறது. அங்கேயும் பேச்சு உண்டு. பாரதப் பிரசங்கியார் பிற்பகலில் உட்கார்ந்து கதை சொல்வார், கேட்கிறவர்கள் வந்து கேட்பார்கள். இரவு கூத்துக்காரர்களுடையது. வில் வளைப்பு, பகடை துகில், கிருஷ்ணன் தூது என்று ஒவ்வோர் இரவும் ஒரு கூத்து. கடைசியில் துரியோதனன் வீழ்கிற படுகளம், தீமிதி. அர்ச்சுனன் தபசு அன்று தபசு மரம் என்ற உயரமான கம்பத்தில் ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் நின்று பாடுகிறவரிடம் போய்ச் சீக்கிரம் ஏறுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எந்தத் தர்மகர்த்தாவுக்கும் வந்ததில்லை. பேச்சுக்குப் பகல், ஆட்டத்துக்கு இரவு என்ற ஒழுங்கை எழுத்தறியாத எங்கள் முன்னோர் வகுத்து வைத்திருந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் நடத்துகிற கலை விழாவில்தான் அது குலைந்து கிடக்கிறது.

கர்ண மோட்சம் பார்க்க வந்த அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிப்காட்டிலும் ஒரகடத்திலும் வாரம் முழுவதும் ஷிப்டு பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மாலை ஊருக்கு வந்த பிள்ளைகள். நகரத்தில் வளர்ந்த பேரனுக்கு முதன்முதலாகக் கூத்தைக் காட்டக் கூட்டி வந்த பாட்டி. ஒன்பது மணிக்கே பலர் எழுந்துவிட்டார்கள், கடைசி பஸ் போய்விடும் என்று. அவர்கள் பார்த்ததெல்லாம் பொன்னாடை மட்டும். அந்தப் பேரன் பாட்டியின் மடியில் தூங்கிப்போனான். அடுத்த வருடம் கூப்பிட்டால் அவன் வருவானா? இளைஞர்கள் கூத்தை மதிப்பதில்லை என்று அடுத்த மேடையில் இதே ஆட்கள் வந்து முழங்குவார்கள். பார்க்கவிட்டால்தானே மதிப்பதற்கு?

கலைஞர்களுக்கு இது வெறும் வருத்தமல்ல, பிழைப்பு. தை, மாசியில் சூடு பிடித்து ஆடி வரை ஓடுகிற கூத்துக் காலத்தில்தான் அவர்கள் வருடத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். இருபது நிமிடம்தானே ஆடினார்கள் என்று பேசிய தொகையிலேயே கை வைக்கிற விழாக்குழுவையும் நான் பார்த்துவிட்டேன். வாத்தியார் வாதாடவில்லை. பகைத்துக்கொண்டால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாவட்டம் இது. காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்களே சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியதும் இப்படிப்பட்ட மரியாதைக்கேட்டுக்கு எதிராகத் தலைநிமிர்ந்து நிற்கத்தான். அந்த மண்ணில் ஒரு வாத்தியார் கூலிக்காகக் கைகட்டி நிற்கிறார் என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊரில் மேடை போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்குக் களரி கட்டச் சொல்லுங்கள். விருந்தினர் எப்போது வந்தாலும் வரட்டும். வந்து முன் வரிசையில் உட்கார்ந்து எங்களோடு பார்க்கட்டும். பொன்னாடையைக் கூத்து முடிந்த பிறகு போர்த்துங்கள், அதையும் முதலில் வாத்தியாருக்குப் போர்த்துங்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும் என்றால், அணைகிறபோது அதன் முன்னால் நிற்பது நன்றியுரை சொல்கிறவராக இருக்கட்டும்.