எச்-இண்டெக்ஸை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள்

பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு என்று பேச்சு எடுத்தாலே முதல் கேள்வி "உங்க எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்பதுதான். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த விரிவுரையாளர்கள் பலருக்கு, தங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் அந்த எண் மனப்பாடம். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதிவு செய்யும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் ஆய்வாளர் பக்கத்திலேயே 2021இலிருந்து பீம்பிளாட் என்று ஒரு படம் இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. தயவுசெய்து பாருங்கள்.

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த எச்-இண்டெக்ஸின் கணக்கு எளிது. பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துப் பேர் மேற்கோள் காட்டியிருந்தால் எண் 10. அந்த எளிமையில்தான் வினையே. ஐந்தே கட்டுரை எழுதிய இளம் ஆய்வாளரை உலகமே மேற்கோள் காட்டினாலும் அவருக்கு 5தான், அதற்கு மேல் ஏறாது. எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆன மூத்தவருக்கோ அந்த எண் இறங்கவே இறங்காது. மருத்துவத்தில் மேற்கோள் குவியும், கணிதத்தில் மெதுவாக வரும், இரண்டு பேரையும் ஒரே எண்ணால் அளப்பது என்ன நியாயம்?

பீம்பிளாட்டில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு புள்ளி. அதே துறையில், அதே வருடத்தில் வந்த அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு அது எந்த இடத்தில் நிற்கிறது என்று நூற்றுமானத்தில் (நூற்றில் எத்தனை கட்டுரைகளுக்கு முன்னால் என்று) காட்டும், வலப்பக்கம் போகப் போக நல்லது. வருடத்துக்கு ஒரு வரி, அதில் அந்த வருடக் கட்டுரைகளின் இடைநிலை (நடு மதிப்பு) தனியாகக் குறித்திருக்கும். குழந்தை பிறந்து இரண்டு மூன்று வருடம் எழுதாமல் இருந்த ஒரு பெண் விரிவுரையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகள் காலியாக இருக்கும், ஆனால் திரும்பி வந்து எழுதிய கட்டுரைகள் முன்பு போலவே வலப்பக்கம் நின்றால் அது பளிச்சென்று தெரியும். எச்-இண்டெக்ஸ் இதைச் சொல்லவே சொல்லாது.

சைவால் என்ற ஆய்வு அளவீட்டுக் கருவி காட்டும் எஃப்டபிள்யூசிஐ (துறைக்கேற்ப எடையிட்ட மேற்கோள் தாக்கம்) என்ற அளவும் துறையைக் கணக்கில் எடுக்கிறது, உலகச் சராசரி 1.00. ஆனால் அதுவும் சராசரிதானே, கூட்டாக எழுதிய ஒரே ஒரு பிரபலக் கட்டுரை மொத்த எண்ணையும் தூக்கிவிடும். புள்ளிகளாகப் பார்த்தால் அந்த ஒன்று தனியாக நிற்பது கண்ணில் பட்டுவிடும்.

சரி, இப்போது தமிழ் ஆய்வுக்கு வருகிறேன், எனக்கு மனம் கனப்பது இங்கேதான். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது இதே கோலாலம்பூரில். அதற்கு உழைத்த தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இருந்தவர். அந்த மரபில் இன்றும் தமிழில் நூலும் கட்டுரையும் எழுதுகிறார்கள், ஆனால் தமிழில் வரும் ஆய்விதழ்கள் இந்தத் தரவுத்தளங்களில் அபூர்வம். தரவுத்தளத்தில் இல்லாத கட்டுரைக்குப் புள்ளி கிடையாது. படத்தில் வெறுமையாகத் தெரியும் இடம் எழுதாமல் விட்டதாலா, எழுதியது கணக்கில் சேராததாலா என்று பார்ப்பவருக்குப் புரியாது. எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் தமிழ்த்துறையினரை இதை வைத்து எடைபோடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வை மதிப்பிட எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று 2015இல் வந்த லைடன் அறிக்கையும் உள்ளூர் ஆய்வைக் காப்பாற்ற வேண்டும், எண்கள் துறை நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

இந்த முறை பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நண்பர்கள் பீம்பிளாட்டை அச்செடுத்து இணையுங்கள். அப்புறம், அதில் ஏறாத நூல்களையும் தமிழ்க் கட்டுரைகளையும் தனித்தாளில் எழுதி, எந்த மாநாடு, எந்த இதழ், யார் படித்துப் பயன்படுத்தினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சேர்த்து, அதையும் கூடவே வையுங்கள். குழுவில் உட்காரும் பேராசிரியர்களே, அந்தத் தாளையும் படியுங்கள்.