இருவர் மட்டுமே கடன் பெற்றது தோல்வியாகாது

2020-இல், கொரோனா காலத்தில், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்காக அறிவித்த 50,000 கோடி டாலர் அவசரக் கடன் திட்டத்தில் இல்லினாய் மாநிலமும் நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையமும் மட்டுமே கடன் பெற்றதைக் காட்டி, அதைத் தோல்வி என்று ஒரு கட்டுரை முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வருமான வரித் தாக்கல் ஏப்ரல் 15-இலிருந்து ஜூலை 15-க்குத் தள்ளிப்போய், வரவேண்டிய பணம் வராமலும் ஊழியர் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாமலும் அரசுகள் திணறிய அந்த மாதங்களில், கேட்டால் கொடுக்க ஆள் உண்டு என்ற உறுதியே அரசுகள் கடன் திரட்டும் பத்திரச் சந்தையின் பதற்றம் தணியப் பெரிதும் உதவியது. மற்றவர்கள் சந்தையிலேயே கடன் திரட்டிக்கொள்ள முடிந்ததும் அதனால்தான். தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மட்டுமே நேரடியாகக் கதவைத் திறந்தது மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. கடன் தற்காலிகத் தட்டுப்பாட்டுக்கே உதவும்; இழந்த வருவாயை ஈடுகட்ட 2021 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய 35,000 கோடி டாலர் நேரடி உதவி தேவைப்பட்டது.